வெயில் ஊரில் சூழலைக் கெடுக்காமல் வீடு கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் மனை வாங்கி வீடு கட்டத் தயாராகிறவர்கள், கட்டி முடித்தபின் வெக்கையில் தவிக்கிறவர்கள், இரண்டு பேரும் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலான கேள்விகள் “எதை வாங்கிப் போடலாம்” என்று தொடங்கும். என் பதில்களில் பாதி, வீட்டின் வரைபடத்துக்கே திரும்பிப் போகும். அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் முன்பே ஒரு வீட்டின் வெக்கையும் கரண்ட் பில்லும் பெருமளவு முடிவாகிவிடுகின்றன என்பதுதான் காரணம்.

பசுமை வீடு என்று எதைச் சொல்வது? மாடியில் சோலார் போட்டால் ஆகிவிடுமா?

ஆகாது. மூன்று கணக்கு பார்க்க வேண்டும். கட்டும்போது எவ்வளவு மண், மணல், சிமெண்ட், கம்பி, எரிபொருள் தின்றது? குடியிருக்கும் நாற்பது ஐம்பது வருடத்தில் எவ்வளவு மின்சாரமும் தண்ணீரும் கேட்கும்? கடைசியில் இடிக்கும்போது அதில் எதை எடுத்து மறுபடி பயன்படுத்தலாம்? சோலார் இரண்டாவது கணக்கில் ஒரு பகுதியைத்தான் தொடுகிறது.

முதல் கணக்கை ரொம்பப் பேர் கவனிப்பதில்லை. உலகம் முழுவதும் மனிதர்கள் வெளிவிடும் கார்பன் டை ஆக்ஸைடில் சிமெண்டின் பங்கு மட்டும் சுமார் 7 முதல் 8 சதவீதம். அதில் பாதிக்கு மேல், சூளைக்குள் சுண்ணாம்புக்கல் சூட்டில் பிரியும்போது அந்தக் கல்லிலிருந்தே வெளியேறுவது. ஆலையை முழுக்க சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அந்தப் பகுதி நிற்காது. சிமெண்டைக் குறைவாகப் பயன்படுத்துவதும், கலப்புச் சிமெண்டைப் பயன்படுத்துவதும்தான் நம் கையில் இருக்கும் வழி.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

எவ்வளவு பெரிய வீடு என்ற கேள்வியிலிருந்து. 1,200 சதுர அடியில் நன்றாக வாழக்கூடிய குடும்பம் 2,200 சதுர அடி கட்டினால், அதற்கப்புறம் எந்தப் பசுமைப் பொருள் போட்டாலும் அந்தக் கூடுதல் ஆயிரம் சதுர அடிக்கான கம்பியும் சிமெண்டும் செலவானது செலவானதுதான். வருடத்தில் நாலு நாள் வரும் விருந்தாளிக்காக ஏசி போட்ட ஒரு தனி அறை தேவையா என்று வரைபடம் போடும்போதே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். இந்த ஒரு பேச்சு மிச்சப்படுத்துகிற அளவுக்கு வேறு எதுவும் மிச்சப்படுத்துவதில்லை.

அடுத்தது திசை. நீளமான சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும், குறுகிய சுவர்கள் கிழக்கையும் மேற்கையும் பார்க்கட்டும். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ இருப்பதால் கிழக்கு, மேற்கு ஜன்னல்களில் வெயில் சன்ஷேடுக்குக் கீழே புகுந்து நேராக உள்ளே வரும். தெற்குச் சுவரில் அந்தப் பிரச்சினை குறைவு. அங்கே மேலே இரண்டடி சன்ஷேட் இருந்தாலே நடுப்பகல் வெயில் பெரும்பாலும் நின்றுவிடும்.

வடக்குப் பக்கம் வெயிலே வராது என்று நினைத்து அங்கே சன்ஷேட் வைக்காமல் விடுகிறார்கள். தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சிக்கு வரும். அதற்கப்புறம் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வடக்குப் பக்கம் சாய்ந்துதான் நகரும். மதுரையில் இது இன்னும் ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடும். ஆக, அக்னி நட்சத்திர வெயில் வடக்குச் சுவரிலும் விழும். நாலு பக்கமும் சன்ஷேட் வையுங்கள்.

காற்று எங்கிருந்து வரும் என்பதை மனையில் போய் நின்று பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் கேளுங்கள். சென்னையில் கோடைப் பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். கோயம்புத்தூருக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வரும். காற்று வரும் சுவரில் ஒரு ஜன்னல், எதிர்ச் சுவரில் ஒன்று, இடையில் அடைப்பு இல்லாமல். ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறையில் அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும் காற்று சுற்றாது. சுவரின் உச்சியில் வென்டிலேட்டர் வைக்கும் பழக்கம் இப்போது அநேகமாகப் போய்விட்டது. சூடான காற்று மேலே ஏறி வெளியேற அதுதான் வழி. அதைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

எங்களுக்கு வாஸ்து முக்கியம். அதையும் பார்த்துக்கொண்டு இதையெல்லாம் செய்ய முடியுமா?

முடியும். வாசல் எந்தத் திசை என்பதால் வீட்டின் சூடு பெரிதாக மாறுவதில்லை. சிக்கல் ஓர் இடத்தில்தான் வருகிறது: வீட்டுத் தலைவரின் படுக்கையறை தென்மேற்கு மூலையில் இருக்க வேண்டும் என்பார்கள். பிற்பகல் முழுவதும் வெயில் காயும் மூலை அதுதான். இரவு 9 மணிக்கு அந்த அறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், இன்னும் சுடும். பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில், நீங்கள் தூங்கப் போகும் நேரத்தில், உள்ளே விடுகிறது.

அறையை மாற்ற மனமில்லை என்றால் சுவரை மாற்றுங்கள். மேற்குச் சுவர் முழுக்கத் துணி அலமாரி வரட்டும். வெளிப்பக்கம் மாடிப்படி ஓடட்டும், படிக்கட்டு தெற்கிலோ மேற்கிலோ இருப்பதை வாஸ்து பார்ப்பவர்களும் ஏற்றுக்கொள்வார்கள். ஜன்னலைத் தெற்கில் மட்டும் வையுங்கள். மேற்கே நாலடி இடம் இருந்தால் ஒரு புங்கை மரம் நடுங்கள், அல்லது சுவருக்கு ஓரடி தள்ளிக் கொடி ஏற்றுங்கள். ஆலும் அரசும் மட்டும் வீட்டுப் பக்கம் வேண்டாம், அவற்றின் வேர் அஸ்திவாரத்தைத் தேடி வரும்.

மாடி வீடு வேகிறது. தளத்துக்கு என்ன செய்யலாம்?

இது எனக்கு மிக முக்கியமான கேள்வி, ஏனென்றால் நம் ஊரில் சூரியன் ஒரு வீட்டில் அதிக நேரம் காய்வது சுவரில் இல்லை, மொட்டை மாடியில். தனி வீட்டுக்கும் அபார்ட்மெண்டின் கடைசி மாடிக்கும் வெக்கையில் பெரும்பங்கு மேலிருந்துதான் இறங்குகிறது.

வீடுகளுக்கான மத்திய அரசின் ஆற்றல் சேமிப்பு விதிமுறையான ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018ல் வந்தது. வெளியே ஒரு டிகிரி கூடுதலாக இருந்தால் ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் இறங்கக்கூடாது என்கிறது அது. நாம் சாதாரணமாகப் போடும் வெறும் 5 அங்குல கான்கிரீட் தளம் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விடும்.

நம் தாத்தாக்கள் காலத்து மெட்ராஸ் டெரஸ் ஏன் குளுகுளு என்று இருந்தது? தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையில் கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். கனமும் சுண்ணாம்பும் சேர்ந்து வேலை செய்தன. இன்று அவ்வளவு தேக்குக்கு வழியில்லை. ஆனால் கான்கிரீட் தளத்தின்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துத் தட்டோடு பதிக்கும் வேலையை இன்றும் செய்யலாம், செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நீர்க்கசிவுக்கும் அது நல்லது.

இன்னொரு வழி, தளத்தின்மேல் வெப்பம் தடுக்கும் பலகை பதித்து, அதன்மேல் காப்புக்காக மெல்லிய கான்கிரீட், அதன்மேல் வெள்ளை ஓடு. இதில் வரிசை முக்கியம். வெப்பத் தடுப்பு தளத்துக்கு மேலே இருக்க வேண்டும். உள்ளே ஃபால்ஸ் சீலிங்குக்குப் பின்னால் வைத்தால் தளம் முழுவதும் காய்ந்து, அந்தச் சூடு இரவெல்லாம் தங்கும். கான்கிரீட்டும் தினமும் விரிந்து சுருங்கி வெடிக்கும்.

கையில் பணம் குறைவாக இருந்தால் வெள்ளையடியுங்கள். மாடியை நன்றாகக் கூட்டிக் கழுவி, நீர்த்த சுண்ணாம்பில் பசை கலந்து, இரண்டு கை அடித்தாலே அன்றைக்கே வித்தியாசம் தெரியும். வருடாவருடம் பங்குனியில், வெயில் ஏறும் முன் திரும்ப அடிக்க வேண்டும். மழை கழுவிவிடும், தூசி படிந்து வெண்மை குறையும். சுண்ணாம்பு அடித்த மாடித் தண்ணீரை முதல் மழையில் தொட்டிக்கு விடாதீர்கள். இப்படி வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்கூரையை அரசே கொள்கையாக எடுத்துச் செய்யவும் முடியும்: தெலங்கானா 2023ல் அப்படி ஒரு கொள்கையைக் கொண்டு வந்தது.

செங்கல், ஃப்ளை ஆஷ் கல், ஏஏசி பிளாக், மண்கல்... எது நல்லது?

ஊரைப் பொறுத்தது. எல்லாக் கல்லுக்கும் கணக்கில் சேரும் முக்கியமான விஷயம் லாரி வாடகை. நூறு கிலோமீட்டர் தாண்டி வரும் பசுமைக் கல்லைவிட அடுத்த ஊரில் கிடைக்கும் சாதாரணக் கல் பல சமயம் மேல்.

சூளைச் செங்கல் பழகிய பொருள், எல்லாக் கொத்தனாருக்கும் கை வரும். ஆனால் வயலின் மேல்மண்ணையும் விறகையும் தின்கிறது. வாங்கினால் நன்றாக வெந்த கல்லாக வாங்குங்கள், அப்போதுதான் பூச்சு இல்லாமலே விடலாம். ஃப்ளை ஆஷ் கல்லைச் சுட வேண்டியதில்லை, அனல்மின் நிலையத்துச் சாம்பல் பயன்படுகிறது. எண்ணூர், மேட்டூர், தூத்துக்குடி பக்கம் இருப்பவர்களுக்கு இது வசதி. கனமும் சூட்டைக் கடத்துவதும் செங்கலைப் போலத்தான், அதனால் வீடு குளிரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏஏசி பிளாக், அதாவது காற்றுக் குமிழி நிறைந்த இலேசான கான்கிரீட் கல், செங்கலில் மூன்றில் ஒரு பங்கு எடைதான், வெக்கையை நன்றாகத் தடுக்கும். தூண் வைத்துக் கட்டும் வீட்டில் மேற்குச் சுவருக்கு மட்டும் அதைப் போடுவதை நான் சிபாரிசு செய்கிறேன். அதற்குரிய பசையும், பூச்சுக்கு முன் தூணும் கல்லும் சேரும் இடத்தில் வலையும் இல்லாவிட்டால் விரிசல் விழும்.

எனக்குப் பிடித்தது அழுத்திய மண்கல். மண்ணில் சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, சுடாமல், நாலு வாரம் ஈரப்பதத்தில் வைத்து இறுகவிட்ட கல். 1989ல் தொடங்கிய ஆரோவில் புவி நிறுவனம் இதில் உலகத்துக்கே பாடம் சொல்லித் தருகிறது. கையால் இயக்கும் ‘ஆரம்’ அழுத்து இயந்திரம் அவர்கள் வடிவமைத்தது. அஸ்திவாரம் தோண்டிய மண்ணிலேயே சுவர் எழுப்பலாம், சூளை வேண்டாம், வெளிப்பூச்சும் வேண்டாம்.

எங்கள் மனை மண் அதற்கு ஒத்துவருமா என்று எப்படித் தெரியும்?

வீட்டிலேயே முதல் சோதனை செய்யலாம். மேல் மண்ணை ஓரடி இரண்டடி விலக்கிவிட்டு, வேரும் குப்பையும் இல்லாத அடிமண்ணை எடுங்கள். நேரான கண்ணாடி பாட்டிலில் கால் பாகம் மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. மூடி நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி குலுக்கி வையுங்கள். சரளையும் மணலும் கண்ணெதிரே சட்டென்று அடியில் உட்காரும். அதன்மேல் வண்டல் மெல்லிய படலமாகப் படியும். களிமண் மட்டும் தண்ணீரைக் கலங்க வைத்துக்கொண்டு மறுநாள் வரை மெதுவாக இறங்கும். தண்ணீர் தெளிந்ததும் படலங்களை அளவுகோலால் அளந்து பாருங்கள். சிமெண்ட் கலக்கும் மண்கல்லுக்கு ஏறக்குறைய 15 சதவீதம் சரளை, 50 மணல், 15 வண்டல், 20 களிமண் என்ற கலவை நல்லது. களிமண் கூடினால் மணல் சேர்க்கலாம்.

கரிசல் மண் என்றால் யோசியுங்கள். ஈரத்தில் ஊதி, காய்ந்தால் பிளக்கும். சிமெண்டைவிடச் சுண்ணாம்பு அதற்கு ஒத்துப்போகும், ஆனாலும் வேறிடத்து மண் கொண்டுவருவது பெரும்பாலும் சுலபம். அங்கே அஸ்திவாரமும் தனி ஆலோசனை கேட்கும். அந்த இடத்தில் காசு பார்க்காதீர்கள்.

மண் சுவர் நம் ஐப்பசி மழையைத் தாங்குமா?

புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரோவில் பார்வையாளர் மையம் மண்கல் கட்டடம்தான். அங்கே விகாஸ் குடியிருப்பில் மண்கல்லால் நாலு மாடி எழுப்பியிருக்கிறார்கள். வருடாவருடம் வடகிழக்குப் பருவமழையை வாங்கிக்கொண்டு நிற்கின்றன.

நிபந்தனை உண்டு. அடியில் தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடியாவது கருங்கல் கட்டு வேண்டும், மேலே சுவரைத் தாண்டி இரண்டடி கூரை நீள வேண்டும், நடுவில் குழாய்க் கசிவு இருக்கக்கூடாது. இந்த மூன்றும் இருந்தால் பயமில்லை.

எலிப்பொறிக் கட்டு என்கிறார்களே, அது பலமா?

செங்கலைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்திக் கட்டும் முறை. வெளிப்பக்கம் ஒரு கல், உள்பக்கம் ஒரு கல், நடுவில் 3 அங்குலம் வெற்றிடம், அடுத்து இரண்டையும் பிணைத்துக் குறுக்கே ஒரு கல். அடுத்த வரிசையில் இடம் மாறும். சுவர் அதே 9 அங்குலம்தான். ஆனால் செங்கல் நாலில் ஒரு பங்கு மிச்சம், கலவை அதைவிட அதிகமாக மிச்சம், உள்ளே நிற்கும் காற்று வெக்கையைத் தாமதப்படுத்தும்.

இதை இந்தியாவில் பரப்பியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். 1917ல் பர்மிங்ஹாமில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007ல் அங்கேயே மறைந்தவர். உள்ளூர்ச் செங்கல், உள்ளூர்க் கொத்தனார், பூச்சில்லாத சுவர் என்று கட்டியவர். திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தைப் பார்க்க வாய்ப்பிருந்தால் போய்ப் பாருங்கள். செங்கல் ஜாலி (இடைவெளி விட்டுக் கட்டிய சுவர்) வழியாக வெளிச்சம் வந்து, காற்று புழங்குவதை அங்கே உட்கார்ந்து பார்த்தவருக்கு அப்புறம் பெரிதாக விளக்கம் தேவைப்படாது.

ஒன்று, இரண்டு மாடி வீட்டின் சுமையை இந்தச் சுவர் தாங்கும். அஸ்திவாரத்துக்கு மேல் முதல் வரிசை, ஜன்னலின் அடிமட்டம், லிண்டல், தளத்துக்குக் கீழே கடைசி வரிசை, கதவு ஜன்னல் ஓரங்கள், இவையெல்லாம் வெற்றிடமில்லாமல் கட்டியாக வர வேண்டும். கலவை உள்ளே விழுந்து வெற்றிடத்தை அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்குழாய் எங்கே போகும் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். கட்டியபின் சுவரை வெட்டிப் பள்ளம் எடுப்பது இதற்கு ஆகாது.

தளத்தில் ஓடு வைத்துக் கான்கிரீட் போடுவது?

ஃபில்லர் தளம் என்பார்கள். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவையை வாங்குவது கம்பிதான். அங்கே இருக்கும் கான்கிரீட்டில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓடு வைத்தால், சிமெண்டும் மிச்சம், எடையும் குறைவு.

சென்ட்ரிங் பலகை மேல் கம்பி கட்டும்போதே ஓட்டின் அளவுக்கு இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். இரண்டு மங்களூர் ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, நடுவில் கொஞ்சம் காற்று நிற்கும்படி, ஒவ்வொரு கட்டத்திலும் வைப்பார்கள். அதற்கு முன் ஓடுகள் தண்ணீரில் நன்றாக ஊறியிருக்க வேண்டும். காய்ந்த ஓடு கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும், ஒட்டுமிடம் பலவீனமாகும். கலவை கொட்டும்போது சித்தாள்களின் கால் பட்டு ஓடு நகரும். ஒரு ஆள் அதை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். சுவரை ஒட்டிய ஓரம், ஃபேன் கொக்கி, மேலே தண்ணீர்த் தொட்டி வரும் இடம், குளியலறை, இங்கெல்லாம் ஓடு வைக்காமல் முழுக் கான்கிரீட். கம்பிக் கணக்கைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் போட வேண்டும், மேஸ்திரியின் அனுபவக் கணக்கு இதற்குப் போதாது.

சிமெண்டை வேறெங்கே குறைக்கலாம்?

மூட்டை வாங்கும்போதே. பி.பி.சி. என்று அச்சிட்ட மூட்டையில் 15 முதல் 35 சதவீதம் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்ந்திருக்கும். சாதாரண வீட்டுக்கு அதுவே போதும், கடலோரத்துக்கு நல்லதும்கூட. ஆனால் மெதுவாகத்தான் இறுகும். வெயில் காலத்தில் 14 நாளாவது நீராற்ற வேண்டும். சாக்கு போர்த்தி நனைத்தால் தண்ணீர் குறைவாகச் செலவாகும். சுண்ணாம்புக்கல்லும் சுட்ட களிமண்ணும் கலந்த எல்.சி.3 சிமெண்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் 2023ல் வந்திருக்கிறது. உங்கள் ஊரில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

உள்பூச்சுக்குச் சுண்ணாம்பு நல்லது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசும் பழைய வேலையைச் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் தொட்டுப் பார்க்கலாம். தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடுங்கள். கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது, சூளைக்குப் போவதில்லை.

மழைநீர்த் தொட்டி எல்லா வீட்டிலும் இருக்கிறதே, இன்னும் என்ன?

தமிழ்நாட்டில் 2003லேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. நாட்டுக்கே முன்மாதிரியான சட்டம் அது. இருந்தும் பல வீடுகளில் அது வரைபட அனுமதிக்காகத் தோண்டிய ஒரு குழி, ஒரு குழாய், மேலே ஒரு மூடி என்று நின்றுவிட்டது. வருடக்கணக்கில் திறக்காத குழியில் மணல் அடைத்துக் கிடக்கும்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. 1,000 சதுர அடி மாடி சுமார் 93 சதுர மீட்டர். ஆவியானது, சிந்தியது போக எண்பது சதவீதம் பிடித்தாலும் ஒரு லட்சம் லிட்டர் தேறும். அந்த அளவு தண்ணீரை டேங்கர் லாரியில் வாங்கினால் என்ன விலை என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும்.

முதல் மழையின் அழுக்கை வெளியே தள்ள ஒரு திருப்பு வால்வு, அதற்கப்புறம் சரளை, மணல், கரி போட்ட வடிகட்டி, அங்கிருந்து மூடிய நிலத்தடித் தொட்டி, தொட்டி நிறைந்தால் வழிவது கிணற்றுக்கு. பயன்படாமல் கிடக்கும் பழைய உறைகிணறு இருந்தால் தயவுசெய்து அதை மூடாதீர்கள். புதிதாகத் தோண்டும் எந்தக் குழியையும்விட அது அதிகத் தண்ணீரை மண்ணுக்குள் அனுப்பும். புரட்டாசியில் ஒரு தடவை எல்லாவற்றையும் திறந்து சுத்தம் செய்யுங்கள்.

குளிக்கிற, துவைக்கிற தண்ணீரை மறுபடி பயன்படுத்தலாமா?

தோட்டத்துக்கு விடலாம். கழிவறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் வீடு கட்டும்போதே தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். கட்டி முடித்தபின் பிரிப்பது பெரும்பாடு. குளியல் தண்ணீரைச் சரளை போட்ட ஒரு பாத்தி வழியாக, கல்வாழையும் வாழையும் நட்டு விட்டால், அவை உறிஞ்சிச் செழிக்கும். தேங்க விடாதீர்கள், கொசு வரும்.

சோலார் போடலாமா?

போடலாம், வெக்கையைக் குறைத்தபின். முதலில் தேவையைச் சுருக்கினால் சின்ன அமைப்பே போதும். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும், நம் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாத பில்லுக்கு 700 யூனிட் பக்கம். 2024ல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம். பலகைகளை ஆறேழு அடி உயரத்தில் ஏற்றி வைத்தால் மாடிக்கு நிழலும் கிடைக்கும், துணி காயப்போட இடமும் மிஞ்சும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பலகையின் ஓரத்தில் விழுந்தாலும் உற்பத்தி கணிசமாகக் குறையும், அதைப் பார்த்து வையுங்கள்.

ஏசி போட்டால் இதெல்லாம் வீணா?

இல்லை. மே மாத இரவில் வயதானவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் ஏசி தேவைதான். நிழலும் வெப்பத் தடுப்பும் உள்ள அறையில் அது சீக்கிரம் குளிர்ந்து ஓய்வெடுக்கும். 26ல் வைத்து ஃபேனையும் சுற்றவிடுங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் பக்கம்தான்.

ஏற்கெனவே கட்டிய வீடு, அல்லது வாடகை வீடு என்றால்?

மாடிக்கு வெள்ளையடிப்பது, மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி தொங்கவிடுவது, ஃபேனை மாற்றுவது. தட்டி வெளியே இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் திரைச்சீலை மறைக்கும், வெளியே அனுப்பாது. வாடகைக்காரர்கள் வீட்டுக்காரரிடம் மாடி வெள்ளையடிப்பைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

செலவு கூடுமா?

சிலது குறையும், சிலது கூடும். சின்ன வீடு, எலிப்பொறிக் கட்டு, பூச்சில்லாத சுவர், ஃபில்லர் தளம் பொருள் செலவைக் குறைக்கும். வெப்பத் தடுப்பு, நல்ல வடிகட்டி, சோலார் கூட்டும். வேலை நுணுக்கமாக இருப்பதால் கூலி நாள்கள் கூடும். பொருளுக்குப் போகும் பணம் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் போவதில் எனக்குச் சந்தோஷமே. பட்ஜெட் இடித்தால் நான் கடைசிவரை விட்டுக்கொடுக்காதது கூரைதான். சோலாரை மூன்று வருடம் கழித்தும் போடலாம்.

கிரிஹா, ஐ.ஜி.பி.சி. போன்ற பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்க வேண்டுமா?

தனி வீட்டுக்கு அவசியமில்லை. அலுவலகம், பள்ளி, பெரிய குடியிருப்பு கட்டுகிறவர்களுக்குப் பயன்படும், கணக்கு எழுதி வைக்கும் பழக்கத்தைக் கொண்டுவரும். ஹைதராபாத்தில் சி.ஐ.ஐ. சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், லீட் என்ற அமெரிக்கப் பசுமைக் கட்டடச் சான்றிதழின் மிக உயர்ந்த நிலையான பிளாட்டினத்தைப் பெற்றபின்தான் நம் நாட்டில் பெரிய நிறுவனங்கள் இதைப் பேசத் தொடங்கின. வீடு கட்டுபவர் அவர்களின் மதிப்பெண் பட்டியலை ஒரு நினைவூட்டலாகப் படித்தால் போதும்.

பழைய வீட்டை இடித்துத்தான் ஆக வேண்டுமா?

முதலில் ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நிற்கிற சுவர் ஏற்கெனவே செலவாகிவிட்ட செங்கலும் சிமெண்டும். பல வீடுகளைக் கூரை மாற்றி, ஒரு முற்றம் திறந்து, குழாயும் மின்கம்பியும் புதிதாகப் போட்டு இன்னும் முப்பது வருடம் ஓட்டலாம். இடிக்கத்தான் வேண்டும் என்றால் இயந்திரத்தை விடாமல் ஆள் வைத்துப் பிரியுங்கள். தேக்கு நிலை, கதவு, கருங்கல், முழுச் செங்கல், நாட்டு ஓடு எல்லாம் தனியாக வரும். காரைக்குடியில் பழைய வீட்டுத் தூணும் கதவும் விற்கும் கடைகளைப் பார்த்தால் அவற்றுக்கு எவ்வளவு மதிப்பு என்று புரியும். சுண்ணாம்பில் கட்டிய செங்கல் சுத்தமாகப் பிரியும், சிமெண்டில் கட்டியது உடைந்துதான் வரும். உடைந்ததைத் தரைக்கு அடியில் நிரப்பப் பயன்படுத்தலாம், ஏரிக்கரையில் கொட்டக்கூடாது.

கொத்தனார் “இதெல்லாம் நிக்காது சார்” என்கிறார். என்ன செய்ய?

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாளைக்கு விரிசல் விட்டால் ஊர் அவரைத்தான் சொல்லும். வாதம் செய்யாமல், அஸ்திவார வேலை நடக்கும்போதே மனையின் ஓரத்தில் ஆறடி நீளம், நாலடி உயரத்துக்கு ஒரு மாதிரிச் சுவர் கட்டச் சொல்லுங்கள். அந்த நாளுக்குத் தனிக் கூலி கொடுங்கள். ஒரு மூலை, ஒரு ஜன்னல் ஓரம், ஒரு மின்பெட்டி, மூன்றும் அதில் வரட்டும். தப்பு வந்தால் அங்கேயே வரட்டும், பிரித்துத் திரும்பக் கட்டட்டும். இந்த முறையில் ஏற்கெனவே வேலை செய்த ஒரு கொத்தனாரை முதல் வாரம் மட்டும் கூடச் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. மாதிரிச் சுவரில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, இரண்டு பேரும் சரி என்றபின் வீட்டுச் சுவரைத் தொடங்குங்கள். கல்லும் கலவையும் எவ்வளவு ஆனது என்று அந்தச் சுவரிலேயே எண்ணி எழுதிக்கொண்டால், முழு வீட்டுக்கும் எவ்வளவு வாங்க வேண்டும் என்ற கணக்கும் அப்போதே கைக்கு வந்துவிடும்.